கேட்டு வாங்கிய துணி

மகளே,

நலமா என்று கேட்டுத் தொடங்கினால், நலம் என்று எழுதிவிடுவாய். அது உன் பழக்கம். ஆகவே இந்த முறை அதைக் கேட்கவில்லை. நீ கேட்டதற்கே நேராக வருகிறேன்.

வேலை முடிந்து வரும் வழியில், ஒரு கடையில், போர்வை தைக்கும் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறாய். மஞ்சளும் வெள்ளையுமாகத் துணித் துண்டுகள். எல்லாம் அளவாக வெட்டி, எண் போட்டு, எந்தத் துண்டின் பக்கத்தில் எந்தத் துண்டு வரவேண்டும் என்று தாளில் அச்சடித்து, நூலும் ஊசியும்கூட உள்ளேயே வைத்திருக்கிறார்கள். பிறக்கப்போகும் குழந்தைக்காக வாங்கினாய். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பிரிக்கப் பயமாக இருந்ததால், கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாய். இப்போதே தைக்கலாமா, குழந்தை பிறந்த பிறகுதான் தைக்க வேண்டுமா, அம்மா இருந்தால் கேட்டிருப்பேன் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதன் கீழே, அம்மாவின் பருத்திச் சேலை ஒன்றிலிருந்து ஒரு துண்டு அனுப்ப முடியுமா, பெட்டியில் உள்ள ஒரு துண்டை எடுத்துவிட்டு அதை வைத்துக்கொள்கிறேன் என்று இன்னொரு வரி.

எதற்குப் பயம் என்று நீ எழுதவில்லை. சென்ற ஆண்டு முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனதை, எல்லாம் முடிந்து, நீ மருத்துவமனை வேலைக்குத் திரும்பிய பிறகுதான் எனக்கு எழுதினாய். அந்தக் கடிதத்தைத் தபால் நிலையத்து வாசலில் நின்று படித்தேன். மறுநாள் கம்போங் ராஜா போகும் சாலையில் மண் சரிந்து ஒரு லோரி கவிழ்ந்தது. போய்ப் பார்த்து, பத்திரிகைக்கு எழுதி அனுப்பினேன். எழுத ஏதோ ஒன்று கிடைத்ததே என்று இருந்தது.

உன் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாது. முப்பது வருடமாகப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவன் தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதக்கூடாது. போய்க் கேட்க வேண்டும். கேட்டேன். யாரிடம் கேட்டேன், என்ன சொன்னார்கள் என்பதை நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். கடைசியில் என் சொந்தக் கருத்தும் கொஞ்சம் இருக்கும்.

முதலில் உன் பெட்டியைப் பற்றி. அதை நான் இளப்பமாக நினைக்கவில்லை. பகல் முழுவதும் வார்டில் நின்று, கால் வீங்கி வீட்டுக்கு வருகிறவள், அந்த இங்கிலாந்துக் குளிரில் கடை கடையாக ஏறித் துணி தேட முடியாது. மாப்பிள்ளைக்கும் இரவு வேலை. இப்படி ஒருத்திக்காகத்தான் யாரோ யோசித்து அந்தப் பெட்டியைச் செய்திருக்கிறார்கள். எங்கள் பத்திரிகைக்கும் வெளிநாட்டுச் செய்திகள் தயாராக வரும். தலைப்பு மட்டும் போட்டால் போதும். அவற்றில் பிழை இருக்காது. ஆனால் அச்சில் வந்த பிறகு அவற்றில் எந்த வரி எங்களுடையது என்று தேடினால் ஒன்றும் அகப்படாது.

உன் அம்மா தயாராக வருகிற எதையும் நம்பமாட்டாள். உனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, தானா ராத்தா டவுனில் துணிக்கடைக்குப் போன ஒரு தீபாவளி நினைவிருக்கிறதா? கண்ணாடி அலமாரியில் ரெடிமேட் கவுன் ஒன்று தொங்கியது. வகுப்பில் ஒருத்தி அதே கவுன் வாங்கிவிட்டாள், எனக்கும் வேண்டும் என்று நீ அழுதுகொண்டு நின்றாய். அம்மா உன்னைத் துணிக் கட்டுகளுக்கு முன்னால் நிறுத்தி, "கண்ண மூடிக்க. கையால தொட்டுப் பாத்து எது வேணும்னு சொல்லு" என்றாள். நீ கோபத்தில் முதலில் கைபட்டதைச் சொன்னாய். "அது சாக்கு. மறுபடி தொடு" என்றாள். கடைக்காரர் சிரிக்க, நீயும் அழுகையோடு சிரித்துவிட்டாய். அவளோ ஒவ்வொரு துணியின் ஓரத்தையும் நாக்கு நுனியில் நனைத்து, சாயம் போகிறதா என்று தன் வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்துப் பார்த்தாள். கடைக்காரரின் சிரிப்பு அதோடு போய்விட்டது. நான் மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். உள்ளே வந்து அவள் எதை வைத்துத் துணி தேர்ந்தெடுக்கிறாள் என்று அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தால், இன்றைக்கு உனக்கு இரண்டே வரியில் பதில் எழுதியிருப்பேன்.

சரி, கேட்கப் போன கதைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி எஸ்டேட் முச்சந்தியில் இறங்கினேன். அங்கிருந்து தேயிலைக்கு நடுவே மேலே நடந்தால் நாம் முன்பு குடியிருந்த லயத்து வீட்டு வரிசை. பாக்கியத்தின் வீடு தேடிப் போனேன். அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவள், உனக்குத் தலை பின்னிவிட்டவள். ஏழு பெற்று, ஏழும் நலமாக இருக்கும் வீடு. வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"என்னா அண்ணே? யாரு செத்தா?"

அவளைக் குறை சொல்ல முடியாது. தீபாவளியை விட்டால், விபத்து, மண்சரிவு, சாவு என்று ஏதாவது நடந்தால்தான் நான் லயத்துப் பக்கம் போகிறேன்.

"யாரும் சாகல. ஒரு விஷயம் கேக்கணும்."

"அப்பிடின்னா உள்ள வாங்க. கால்ல இருக்கிற சப்பாத்த வெளிய போடாதீங்க, நாயி தூக்கிட்டுப் போயிரும். போன வாரம் ஆபிசுக் கிராணியோட சப்பாத்து ஒத்தையாப் போச்சு, இன்னும் தேடறாரு."

பெட்டியைப் பற்றிச் சொன்னேன். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவள் குவளையைக் கீழே வைத்தாள்.

"புதுத் துணியா? பொறக்காத புள்ளைக்கா? ஐயோ அண்ணே! பொறந்த புள்ளைக்கே மொதல்ல பழைய துணிதான் சுத்துவோம். நல்லா வாழ்ந்தவங்க கட்டின துணி, நாலு வீட்டுல கேட்டு வாங்கின துணி. அக்கா வயித்துல பொறந்த பொண்ணுக்கு இது தெரியாதா?"

"அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஏன், நீங்கதான் பேப்பர்ல எழுதிக் குடுத்தீங்களே! பழைய துணி சுத்தறது, பிச்சைன்னு பேரு வைக்கிறது எல்லாம் மூடத்தனம்னு. எம் மவன் சத்தமாப் படிச்சான். அந்தப் பேப்பர்லதான் அன்னிக்குக் கருவாடு மடிச்சேன்."

"இப்பவும் அப்படித்தான் நெனைக்கிறேன், பாக்கியம்."

"அப்புறம் என்னாத்துக்கு லா இம்புட்டு தூரம் வந்தீங்க?"

என்னிடம் இருந்த பதில் ஒன்றுதான். அதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. "ஏற்கெனவே ஒண்ணு தங்கல" என்றேன்.

"எப்ப?"

"போன வருசம்."

"தீபாவளிக்கு வந்தீங்களே. இங்கதான உக்காந்து முறுக்குத் தின்னீங்க. அந்தப் புள்ள எப்படி இருக்குன்னு நான் கேட்டேன். நல்லா இருக்குன்னு சொன்னீங்க."

ஆமாம், சொன்னேன். நலம் என்று எழுதும் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று இனி நான் தேட வேண்டியதில்லை.

அவள் தன் வீட்டிலிருந்து துணி எடுத்துத் தருவாள், வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். அது நடக்கவில்லை. "பொண்ணப் பெத்தவங்க வாயத் தொறந்து கேக்கணும் அண்ணே. அக்கா இருந்தா அவங்க போவாங்க. இப்ப நீங்கதான் போவணும். ஒவ்வொரு வீட்டுலயும் எதுக்குன்னு சொல்லிக் கேளுங்க. சும்மா துணி வேணும்னா, தொடைக்கறதுக்குன்னு நெனைச்சுக் குடுப்பாங்க."

போனேன். எத்தனையோ வீட்டு வாசலில் நின்று கேள்வி கேட்டவன்தான். எந்தத் துரை என்ன சொன்னார், தண்ணீர் எப்போது வந்தது, யார் முதலில் பார்த்தார்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். எனக்காக எதையும் கேட்டதில்லை. முதல் வீட்டில் என் மகள், இங்கிலாந்து, ஒன்று தவறிப்போனது, இப்போது மறுபடி என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை பாதியில் நின்று மறுபடி தொடங்கினேன். மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் வாக்கியம் சுருங்கியது. அதன் பிறகு நான் முழுவதும் சொல்ல வேண்டியே இருக்கவில்லை. செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது.

துணி கிடைப்பதுதான் சிரமமாக இருந்தது. இப்போது லயத்தில் யாரும் பருத்தி கட்டுவதில்லை. எல்லாம் நைலக்ஸ். துவைத்தால் சீக்கிரம் காய்கிறது, இந்த மலை மழைக்கு அதுதான் தோது. ஆனால் குழந்தையின் தோலுக்கு ஆகாது, ஈரத்தையும் இழுக்காது. ஆகவே அவரவர் துணிப்பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய கைலி, வேட்டி, மெலிந்துபோன பாத்திக் அச்சுத்துணி, மாவுச் சாக்குத் துணி என்று கேட்க வேண்டியிருந்தது. நான் கொண்டுபோன முதல் கட்டைப் பாக்கியம் தரையில் கொட்டிப் பிரித்தாள்.

"இது கறுப்பு, வேணாம். இது நைலக்ஸ், கண்ணு தெரியலையா உங்களுக்கு? இது யாரு குடுத்தா? மூலை வீட்டுக் கைலியா? இந்தக் கைலியோட அவரு குடிச்சிட்டு எத்தன வாட்டி சாக்கடையில படுத்திருக்காரு தெரியுமா!"

"தொவைச்சுதான் குடுத்தாரு."

"தொவைச்சா குடி போயிருமா? தூக்குங்க அத."

பெட்டி விற்கிற கடையில் இந்தத் தொல்லை இல்லை, பார்த்தாயா. மறுபடியும் போனேன். இந்த முறை வாங்கும் முன் தொட்டுப் பார்த்தேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்து, இழை எங்கே இற்றிருக்கிறது என்று பார்த்தேன். பழசாக இருக்க வேண்டும், ஆனால் கிழிகிற பழசாக இருக்கக்கூடாது. அந்த இடைப்பட்ட பழசு கைக்குத்தான் தெரிகிறது. நீலக் கட்டம் போட்ட கைலி ஒன்று, எழுத்து மங்கிய மாவுச் சாக்கு ஒன்று, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையின் முதுகு ஒன்று என்று மெல்லச் சேர்ந்தன.

மாடியில் என் அறையில் இவற்றை அலசிக் கொடியில் போட்டிருந்ததைக் கீழ்க்கடை ஆ லான் பார்த்துவிட்டார். நீ போன பிறகு கடையை எடுத்தவர். எஸ்டேட் பக்கம் வளர்ந்த சீனத்தம்மா, நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். "என்னா சார், பழைய துணி யாவாரமா?" என்றார். அவருக்கும் சொன்னேன். இரண்டு வருடமாக வாடகையும் வானிலையும் தவிர அவரிடம் வேறு எதுவும் பேசியதில்லை.

"எங்க ஆளுங்களும் செய்வாங்க லா சார். நூறு வீட்டுத் துணி வாங்கி, ஒட்டுப் போட்டுப் போர்வை தைப்பாங்க. எங்கம்மா எனக்குச் செஞ்சாங்க."

"நூறு வீடா? நான் இங்க பத்து வீட்டுக்கே மூச்சு வாங்குறேன்."

"எங்கம்மா மட்டும் நூறு வீடு போனாங்களா என்ன? எங்க ஊரு கியா பார்ம்ல அப்ப ஏது நூறு வீடு? போன வீட்டுக்கே மறுபடி போயிருப்பாங்க." அன்றைக்கே ஒரு பூப்போட்ட மெல்லிய சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் அப்பாவுடையதாம். "தொண்ணூறு வயசு. இன்னும் தோட்டத்துல இறங்கிக் கோஸ் வெட்டுறாரு, கேட்டாக் கோவம் வேற. இந்தத் துணி உங்க பேரப்புள்ளைக்கு நல்லது."

அடுத்து உன் இரண்டாவது வரி. அம்மாவின் சேலை. டிரங்குப் பெட்டியை அவள் போன பிறகு நான் திறந்ததில்லை. திறந்து, அந்தப் பச்சைக் கரை போட்ட சுங்குடியை எடுத்துக்கொண்டு பாக்கியத்திடம் போனேன். பக்கத்து வீட்டுச் சரோஜாவும் அங்கே இருந்தாள். பாக்கியம் சேலையைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டாள். ஆனால் தலையை ஆட்டிவிட்டாள்.

"வேணாம் அண்ணே. போனவங்க துணி பச்சப்புள்ள மேல படக்கூடாது."

"என்னாடி பேசுற?" என்றாள் சரோஜா. "அக்கா பூவும் பொட்டுமாப் போன மகராசி. அப்படிப் போனவங்களுக்கு எங்க வீட்டுல சேலை வச்சுப் படைச்சு, அந்தச் சேலையத்தான் பொண்ணுங்க கட்டுவோம்."

"அது புதுச் சேலை. இது அவங்க கட்டின சேலை."

"கட்டினதுன்னா இன்னும் நல்லதுதானே?"

"அம்புட்டு நல்லதுன்னா உம் பேரப்புள்ளைக்குப் போடு."

"எனக்குப் பேரப்புள்ள இருந்தா உன்கூட உக்காந்து ஏன்டி வாயடிக்கப் போறேன்!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "நீங்க சொல்லுங்க அண்ணே. உங்க பொஞ்சாதி சேலை." இரு தரப்பும் சொன்னதை எழுதிவிட்டு எழுந்து போவது என் தொழில். தீர்ப்புச் சொல்வது இல்லை. எனக்குச் சாத்திரமும் தெரியாது, நம்பிக்கையும் கிடையாது. ஆனால் பாக்கியம் வேண்டாம் என்று சொன்ன பிறகு, அதை உன் குழந்தையின் மேல் போடு என்று சொல்லவும் வாய் வரவில்லை. எடுத்துக்கொண்டு போகவும் மனம் வரவில்லை. சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை அவர்கள் கையில் கொடுக்காமலே இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்தேன் என்பதைப் பாக்கியம்தான் கவனித்தாள்.

"உடம்புல படக்கூடாது. எனக்கு அம்புட்டுதான்" என்றாள். "போர்வைக்கு உள்ள வச்சுத் தைப்போம். மேலயும் கீழயும் கேட்டு வாங்கின துணி. நடுவுல அக்கா. வெளிய தெரியவும் தெரியாது, சூட்டுக்கும் ஆச்சு."

"அப்ப எனக்கும் சம்மதம்" என்றாள் சரோஜா.

இந்த மலையில் லயத்துப் போர்வைகள் எல்லாம் அப்படித்தான். நடுவில் ஏதாவது பழைய துணியை மடித்து வைத்துத்தான் தைப்பார்கள். குளிருக்கு அதுதான் வழி. ஆகவே சேலையை வெட்ட வேண்டியே இருக்கவில்லை. முழுச் சேலையையும் மடித்து உள்ளே வைத்தார்கள். பொட்டலம் வரும்போது போர்வை சிறிதாகவும், அளவுக்கு மீறிக் கனமாகவும் இருப்பதைப் பார்த்துத் திகைக்காதே. தையல் ஒரே சீராகவும் இருக்காது. பாக்கியம் ஒரு பக்கம், சரோஜா ஒரு பக்கம், நடுநடுவே யார் யாரோ. ஓர் ஓரம் கொஞ்ச தூரத்துக்குக் கோணலாகப் போகும். அது என்னுடையது. என்னையும் விடவில்லை.

இனி என் கருத்து. உன் பெட்டியைப் பிரி. துணி புதிதா பழையதா என்பதைப் பொறுத்துக் குழந்தை தங்குவதில்லை என்று நான் இன்னும் நினைக்கிறேன். கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் படுத்துத் தூங்காமல் இருப்பதைவிடக் கையில் எடுத்துத் தைப்பது நல்லது. பிறந்ததும் முதலில் சுற்றுவதற்கு நாங்கள் அனுப்புவதை வைத்துக்கொள். அப்படித்தான் செய்வாய் என்று பாக்கியத்திடம் சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்தப் பெட்டியைப் பற்றி ஒரே ஒரு குறை சொல்ல வேண்டும். அதில் எல்லாம் இருக்கிறது. ஊசி வரைக்கும் இருக்கிறது. ஆகவே அதைத் தைத்து முடிக்கிற வரையில் நீ யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. நீயும் நானும் அப்படித்தான் வாழப் பழகிவிட்டோம். சம்பளம் இருக்கிறது, அறை இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்த ஒரு வருடம் மாலையில் அறைக்கு வந்து விளக்கைப் போட்டால், அதன் பிறகு மறுநாள் காலை வரை என் குரலை நானே கேட்டதில்லை. அதை நான் அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது மூன்று இடங்களில் என்னை நிறுத்தி, உன் மகள் எப்படி இருக்கிறாள், எத்தனை மாதம், சாப்பிடுகிறாளா என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல எனக்கே தெரியவில்லை. அறை அப்படியேதான் இருக்கிறது. அதில் பொய் சொல்லி என்ன பயன்? ஆனால் படியேறும்போது யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

உன் வீட்டுக்கு மேல்மாடியில் ஜமைக்காக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவள் பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்கிறது, இரண்டு வருடமாகியும் பெயர் தெரியாது என்று ஒரு தடவை எழுதினாய். மாடியேறிப் போ. ஒரு பழைய தலையணை உறை கேள். எதற்கு என்று சொல்லிக் கேள். முதல் குழந்தையைப் பற்றியும் சொல். சும்மா கேட்டால் துடைப்பதற்கு என்று நினைத்துக்கொள்வாள். அவள் தருவதைப் பெட்டியின் எந்தத் துண்டுக்குப் பதிலாக வைப்பது என்று தாளைப் பார்க்காதே. உனக்குப் பிடித்த இடத்தில் வை. பாதியில் நின்றால் மறுபடி தொடங்கு. இரண்டு மூன்று பேரிடம் சொன்ன பிறகு வாக்கியம் சுருங்கிவிடும்.

கீழ்க்கடையில் டெலிபோன் வைத்திருக்கிறார்கள். அதன் எண்ணைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல்லுங்கள், மாடிக்குக் கேட்கும்படி கத்துகிறேன் என்று ஆ லான் தானாகவே சொன்னார். அவர் கத்தினால் தானா ராத்தா முழுவதும் கேட்கும். எது நடந்தாலும், மகளே, நடந்த அன்றைக்கே கூப்பிடு. நல்லதானாலும் அன்றைக்கே, மற்றதானாலும் அன்றைக்கே. வேலைக்குத் திரும்பிய பிறகு, மனம் தேறிய பிறகு, அப்பாவுக்கு எழுதலாம் என்று வைத்திருக்காதே. தேறுவதற்கு முன்னால் கூப்பிடு. பேச்சு வராவிட்டால் பேச வேண்டாம். இந்தப் பக்கம் நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அப்பா